பட்டறையில் வளர்ந்த அறிஞர் அர்தேஷிர் வாடியா

 

பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு இருக்க வேண்டும் அல்லவா? வள்ளுவர், பாரதியார், காந்தியடிகள் என்று எத்தனையோ பேரைப் பற்றி நாம் படித்து விட்டோம். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரியான ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் மேடையில் பேசிப் பேர் வாங்கியவர் அல்லர். கவிதை எழுதியவரும் அல்லர். சுத்தியலும் அரமும் பிடித்த கை அவருடைய கை. சின்னஞ்சிறு நீராவி இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்து, பிறகு கடலில் போகும் படகுக்கே நீராவியைப் பொருத்தி ஓட்டிக் காட்டியவர். இந்திய அரசு 1969ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர்தான் பம்பாய் அர்தேஷிர் கர்செட்ஜி வாடியா.

பம்பாய்க்காரருக்கும் பேராவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நீராவி நம்ம ஊருக்குப் புதிதல்ல. மலாயாவின் முதல் ரயில் எங்கே ஓடியது தெரியுமா? நம் பேரா மாநிலத்தில்தான்! 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடிற்று. அந்தப் போர்ட் வெல்ட்தான் இன்றைய கோலா செபெத்தாங். சுமார் 8 மைல் தூரம். நீராவி இயந்திரம் அந்த வண்டியை இழுத்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே பம்பாயில் ஓர் இளைஞர் நீராவியின் சூட்சுமத்தைத் தம் கைகளால் கற்றுக்கொண்டு விட்டார். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கப்பல் கட்டும் குடும்பம்

அர்தேஷிர் 1808ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். அவர் பார்சி இனத்தைச் சேர்ந்தவர். வாடியா என்ற பட்டப் பெயருக்கே கப்பல் கட்டுபவர் என்றுதான் பொருள். அந்தக் குடும்பத்தின் முன்னோரான லவ்ஜி நுஸர்வான்ஜி சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர். சாதாரணத் தச்சு வேலையில் தொடங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் துறைக்கே தலைமைத் தச்சராக உயர்ந்தார். அவருக்குப் பின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அந்தத் துறையை இந்தக் குடும்பமே நடத்தி வந்தது.

அவர்கள் கட்டிய கப்பல்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். 1817ஆம் ஆண்டு பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட டிரிங்கோமலி என்ற போர்க் கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்ல்பூல் என்ற ஊரில் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கிறது. இருநூறு ஆண்டு தாண்டியும் அந்த வேலைப்பாடு கெட்டுப் போகவில்லை!

இந்த வீட்டுப் பிள்ளை அர்தேஷிர், 14 வயதிலேயே தந்தை கர்செட்ஜி ருஸ்தம்ஜியுடன் கப்பல் துறைக்கு வேலை பழகப் போனார். நம்ம பிள்ளைகள் படிவம் இரண்டில் உட்கார்ந்திருக்கும் வயது அது. மரம் அறுக்கவும், பலகை இழைக்கவும், கப்பலின் வரைபடத்தைப் படிக்கவும் அங்கே கற்றார். ஆனால் அந்தப் பையனின் மனம் மரத்தில் மட்டும் நிற்கவில்லை. இரும்பின் பக்கமும் நெருப்பின் பக்கமும் ஓடியது. ஏன் என்று கேட்டால், அப்போது உலகமே நீராவியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

நீராவிக் கப்பல் வந்தது

1829ஆம் ஆண்டு பம்பாய்த் துறையில் ஹியூ லிண்ட்சே என்ற நீராவிக் கப்பலைக் கட்டி நீரில் இறக்கினார்கள். அது 411 டன் கப்பல். 80 குதிரைச் சக்தி கொண்ட இரண்டு இயந்திரங்கள் அதில் இருந்தன. 1830ஆம் ஆண்டு மார்ச் மாதம் புறப்பட்டு, ஏடனில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, அடுத்த மாதம் சூயஸ் போய்ச் சேர்ந்தது. காற்று எப்போது அடிக்கும், எந்தத் திசையில் அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் போய், அடுப்பை மூட்டினால் கப்பல் நகரும் என்ற காலம் பிறந்தது.

பாய்மரக் கப்பல் கட்டிப் பிழைத்த குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய சவால் என்று எண்ணிப் பாருங்கள். ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு, மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தபோது ஏற்பட்ட கலக்கம் நினைவிருக்கும். கையில் இருக்கும் தொழிலுக்கு மதிப்புக் குறையும்போது மனிதன் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். பழையதையே பிடித்துக்கொண்டு புலம்பலாம். அல்லது புதியதைக் கற்றுக்கொள்ளலாம். அர்தேஷிர் கற்றுக்கொள்ளத் துணிந்தார்.

சின்ன இயந்திரம், பெரிய பாடம்

பெரிய கப்பல் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாது; அதன் சூட்சுமம் விளங்க வேண்டுமென்றால் சிறியதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இருபது வயதுகளில் இருக்கும்போதே ஒரு குதிரைச் சக்தி கொண்ட சிறிய நீராவி இயந்திரத்தைத் தாமே செய்தார். கிணற்று நீரை இறைத்துத் தோட்டத்து நீரூற்றுக்கு விடும் வேலையை அதற்குக் கொடுத்தார்.

மாணவர்களே, ஒரு சிறிய நீராவி இயந்திரத்தில் என்னென்ன இருக்கும் என்று கேளுங்கள். முதலில் கொதிகலன். அதாவது பாய்லர். அதிலே தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும்! அந்த இடத்தைக் கொடுக்காமல் அடைத்து வைத்தால் ஆவி முட்டித் தள்ளுகிறது. அந்தத் தள்ளும் சக்தியை ஒரு குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் விடுகிறோம். சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஆவியை எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே விடுவது என்பதை வால்வு பார்த்துக்கொள்கிறது. பிஸ்டனின் ஓட்டத்தை வளைந்த தண்டு ஒன்று சுழற்சியாக மாற்றுகிறது. கனமான சக்கரம் ஒன்று அந்தச் சுழற்சி தடுமாறாமல் காக்கிறது. அதோடு படகின் துடுப்புச் சக்கரத்தையோ விசிறியையோ இணைத்து விட்டால் படகு ஓடும்.

கேட்பதற்குச் சுலபம்தான். செய்வதுதான் சிரமம். பிஸ்டன் சிலிண்டருக்குள் தளர்ந்து இருந்தால் ஆவி பக்கத்தில் நழுவிப் போய்விடும். இறுகி இருந்தால் நகராது. தலைமுடி அளவு வித்தியாசம் கூட வேலையைக் கெடுத்து விடும். இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. இயந்திரம் எவ்வளவுக்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அவ்வளவு சீக்கிரம் சூட்டை இழந்து விடும்.

ஏன் அப்படி? எட்டுச் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி ஒரு பெரிய கட்டி செய்யுங்கள். பக்கத்தில் ஒரே ஒரு கட்டியைத் தனியாக வையுங்கள். சின்னக் கட்டியின் கன அளவு பெரியதில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் அதன் மேற்பரப்போ நான்கில் ஒரு பங்கு. அப்படியானால் உள்ளே இருக்கும் சரக்கோடு ஒப்பிட்டால் சின்னதுக்கு மேற்பரப்பு இரண்டு மடங்கு! சூடு வெளியே போவது மேற்பரப்பு வழியாகத்தான். பெரிய அண்டாவில் காய்ச்சிய பால் வெகு நேரம் சூடாக இருக்கிறது, சின்னக் கிண்ணத்தில் ஊற்றியது உடனே ஆறிப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அதே கணக்குத்தான் இது.

இந்தத் தொல்லையைத்தான் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் வாட் சந்தித்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகோமன் இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று இருந்தது. 1763ஆம் ஆண்டு வாக்கில் அதைப் பழுது பார்க்க வாட்டிடம் கொடுத்தார்கள். சில தடவை அசைந்து விட்டு அது நின்று போகும். சூடு வீணாகிறது என்று வாட் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் சிலிண்டரையே குளிர வைக்காமல், ஆவியை வேறு கலத்துக்குக் கொண்டு போய்க் குளிர வைத்தால் என்ன என்ற யோசனை 1765இல் அவருக்கு உதித்தது. அந்த ஒரு யோசனையால் நீராவி இயந்திரத்தின் நிலக்கரிச் செலவு வெகுவாகக் குறைந்தது. பிறகு உலகத் தொழில்களே மாறின. பாருங்கள், பெரிய இயந்திரத்தில் மறைந்து கிடந்த குறையைச் சின்ன மாதிரி காட்டிக் கொடுத்து விட்டது!

ஆகவே சின்னதைச் செய்வது விளையாட்டல்ல. சின்னதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவனுக்குப் பெரியது கைவசம் ஆகும். அர்தேஷிரின் வாழ்வில் அப்படித்தான் நடந்தது.

படகும் விளக்கும்

1833ஆம் ஆண்டு, அவருக்கு 25 வயது நிரம்பும் காலத்தில், 60 டன் எடையுள்ள ஒரு படகைக் கட்டி நீரில் இறக்கினார். அதற்கு இண்டஸ், அதாவது சிந்து நதி என்று பெயர் வைத்தார். கடலில் போகத் தக்க அந்தப் படகில் நீராவி இயந்திரத்தைப் பொருத்தினார். மரத்தை இழைக்கும் வேலையும் இரும்பைப் பொருத்தும் வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அங்கேதான்.

அதோடு விட்டாரா? இல்லை. மறு ஆண்டு, 1834இல், மசகானில் இருந்த தம் பங்களாவிலும் தோட்டத்திலும் வாயு விளக்கு ஏற்றினார். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் எரியும் வாயு கிடைக்கும். அதைச் சுத்தம் செய்து, குழாய் போட்டு, விளக்குக்குக் கொண்டு வர வேண்டும். எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் தவிர வேறு அறியாத பம்பாயில் அந்த வெளிச்சத்தைப் பார்க்க ஆளுநர் கிளேர் பிரபுவே வந்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாயு நிலையத்தை அமைக்க அவர் வெளிநாட்டு நிபுணர் யாரையும் அழைக்கவில்லை. உள்ளூர்த் தொழிலாளர்களை மட்டுமே துணைக்கு வைத்துக்கொண்டார். கூலிக்கு வந்தவர்கள் என்று அவர்களை ஒதுக்கி வைக்காமல், சொல்லிக் கொடுத்துச் செய்ய வைத்தார்.

வீட்டிலேயே சிறிய வார்ப்படப் பட்டறை வைத்திருந்தார். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்வி நிலையம் வந்த பிறகு, அங்கே இயந்திர அறிவைச் சொல்லிக் கொடுக்கவும் துணை நின்றார். கற்றதைத் தமக்குள் பூட்டி வைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

கடல் கடந்த பயணம்

1839ஆம் ஆண்டு அர்தேஷிர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறக்கப்பட்டது 1869இல். கப்பலில் சூயஸ் வரை போய், எகிப்து நாட்டைத் தரை வழியே கடந்து, மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். அந்தப் பயணத்தை நாட்குறிப்பாக எழுதி 1840இல் புத்தகமாகவும் வெளியிட்டார். லண்டனில் பெரிய பெரிய இயந்திரப் பட்டறைகளுக்குப் போய், கப்பலுக்கான நீராவி இயந்திரங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று பக்கத்தில் நின்று கற்றார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பெருமையைச் சொல்ல வேண்டும். 1841ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நியூட்டன் தலைவராக இருந்த சபை அது! அந்த மரியாதை பெற்ற முதல் இந்தியர் இவரே. இரண்டாவது இந்தியர் யார் தெரியுமா? நம் தமிழ் மண்ணின் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அது 1918இல். இடையில் 77 ஆண்டுகள்! முதலாமவர் பம்பாய்த் துறைமுகத்தில் இயந்திரத்தோடு பழகியவர். இரண்டாமவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஒருவர் இரும்பில் சிந்தித்தார். மற்றவர் எண்ணில் சிந்தித்தார். சபை இருவரையும் ஒரே வரிசையில் வைத்தது. நாம்தான் கணக்கில் கெட்டிக்காரனை ஒரு மாதிரியும், கைவேலையில் கெட்டிக்காரனை வேறு மாதிரியும் பார்க்கிறோம்.

எதிர்ப்பு வந்தது

இங்கிலாந்தில் இருந்தபோதே கிழக்கிந்தியக் கம்பெனி அவரைப் பம்பாய் நீராவித் தொழிற்சாலைக்கும் வார்ப்படச் சாலைக்கும் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1841ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பொறுப்பை ஏற்றார்.

பெரிய உத்தியோகம்தான். ஆனால் சுகமான உத்தியோகமா? அந்தத் தொழிற்சாலையில் வெள்ளைக்காரப் பொறியாளர்களும் கொதிகலன் வேலைக்காரர்களும் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டியிருந்தது. அது வரையில் வெள்ளைக்காரர் மேலே, நம்மவர் கீழே என்பதுதான் பழக்கம். தோட்டத்தில் துரை யார், பால் மரம் வெட்டியவர் யார் என்று நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட காலத்தில், அதுவும் நூற்று எண்பது ஆண்டுகளுக்கும் முன்னால், ஒரு பார்சிக்காரர் மேலே உட்கார்ந்தார் என்றால் சும்மா இருப்பார்களா? பம்பாயில் வந்த ஆங்கிலப் பத்திரிகையே அந்த நியமனத்தைக் குறை கூறியது. சுதேசி ஒருவரிடம் இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுக்கலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

அதற்கு அவர் கொடுத்த பதில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து 16 ஆண்டுகள் வேலையை நடத்தியதுதான். கொதிகலனுக்கு நிறம் தெரியாது பாருங்கள். பொருத்தியது சரியென்றால் ஓடும், தப்பென்றால் நிற்கும். யார் பொருத்தினாலும் அதே கதைதான். பட்டறையில் ஏமாற்ற முடியாது என்பது அதன் கண்டிப்பு. அதுவே அதன் நியாயமும் கூட.

1849இல் அவர் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். மரம் அறுக்கும் இயந்திரங்களை வாங்கினார். தையல் இயந்திரம், புகைப்படக் கலை, மின்சாரத்தால் முலாம் பூசுதல் ஆகியவற்றைப் பம்பாய் மக்களுக்கு அறிமுகம் செய்தவர்களில் அவரும் ஒருவர் என்று போற்றப்படுகிறார்.

1851ஆம் ஆண்டு லவ்ஜி ஃபேமிலி என்ற நீராவிக் கப்பலை நீரில் இறக்கினார். சூரத்திலிருந்து வந்த அந்த முன்னோரின் பெயர்தான் கப்பலுக்கு. அதன் இயந்திரப் பாகங்கள் அவருடைய சொந்த வார்ப்படப் பட்டறையிலேயே செய்யப்பட்டவை. நீரூற்றுக்குத் தண்ணீர் இறைத்த சின்ன இயந்திரம் எங்கே, இந்தக் கப்பல் எங்கே! ஆனால் இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றுதான்.

கடைசிக் காலமும் நம் பேராவும்

1857இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போய் ரிச்மண்ட் என்ற ஊரில் குடியேறினார். 1861 முதல் 1863 வரை திரும்பி வந்து, சிந்து நதியில் ஓடிய நீராவிப் படகுகளுக்கு மேற்பார்வைப் பொறியாளராக வேலை பார்த்தார். முதல் படகுக்கு எந்த நதியின் பெயரை வைத்தாரோ அதே நதி! 1877ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ரிச்மண்டில் காலமானார். அப்போது அவருக்கு 69 வயது.

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி வருகிறது. ரிச்மண்டுக்கு அடுத்தாற்போல் இருப்பது கியூ தோட்டம். பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை முளைக்க வைத்தது அங்கேதான். அர்தேஷிர் மறைந்த அதே 1877ஆம் ஆண்டில்தான் கியூவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில நம் பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன், பூட்டன் கப்பலேறி வந்து பால் மரம் வெட்டிய கதைக்கு விதை அந்தக் கன்றுகள். அவர்களைச் சுமந்து வந்த கப்பல்களும் நீராவிக் கப்பல்கள்தாம். அர்தேஷிர் இந்தப் பக்கம் வந்தவரல்லர். என்றாலும் அவர் உழைத்த தொழிலும் நம் மூதாதையர் வாழ்வும் ஒரே கடலில் சந்தித்திருக்கின்றன.

நமக்கு என்ன பாடம்?

இனிமேல் பெற்றோர்களோடு கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும்.

சார், அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை, பட்டறை வைத்துக்கொள்ள வசதி இருந்தது, நாங்கள் எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் இன்னொருவரையும் உங்களுக்குச் சொல்கிறேன். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டிட்டாகர் என்ற ஊரில் கோலக் சந்திரர் என்று ஒரு கொல்லர் இருந்தார். வெளிநாட்டு இயந்திரத்தைப் பார்த்து விட்டுத் தாமே ஒரு நீராவி இயந்திரம் செய்தார். 1828ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த விவசாயக் கண்காட்சியில் அதை வைத்து 50 ரூபாய் பரிசும் பெற்றார். திறமையில் குறைந்தவரா அவர்? இல்லவே இல்லை. ஆனால் அர்தேஷிருக்குக் கிடைத்த தொழிற்சாலையும் வெளிநாட்டுப் பயிற்சியும் பதவியும் கோலக் சந்திரருக்குக் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது 50 ரூபாய்.

திறமை பணக்கார வீட்டில் மட்டும் பிறப்பதில்லை என்பதற்கு அந்தக் கொல்லர் சாட்சி. ஆனால் திறமை வளர்வதற்குக் களம் வேண்டும் என்பதற்கும் அவரே சாட்சி. அந்தக் காலத்தில் கொல்லர் மகனுக்குக் களம் கிடையாது. இந்தக் காலத்தில் இருக்கிறது. நம் ஈப்போவிலேயே 1969ஆம் ஆண்டு தொடங்கிய உங்கு ஓமார் பொலித்தெக்னிக் இருக்கிறது. நாட்டின் முதல் பொலித்தெக்னிக் அது. அர்தேஷிருக்குத் தபால் தலை வந்த அதே ஆண்டில் பிறந்தது! தொழிற்கல்லூரிகளும் திறன் பயிற்சி நிலையங்களும் பல ஊர்களில் உள்ளன. ஆரம்பப் பள்ளியிலேயே வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று பாடம் சொல்லித் தருகிறோம்.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? படிப்பு வராத பையனைத்தான் ஒர்க்‌ஷாப்பில் விடுவது என்று ஒரு பேச்சு இருக்கிறது. வெல்டிங் படிக்கிறேன் என்று பையன் சொன்னால் அப்பா முகம் சுருங்குகிறது. இயந்திரவியல் படிக்கிறேன் என்று பொண்ணு சொன்னால் அம்மா பயப்படுகிறார். டாக்டர், வக்கீல், இல்லையென்றால் அலுவலக நாற்காலி என்று நாம் மூன்றே படி வைத்திருக்கிறோம். அந்தப் படிகளில் ஏறுகிற பிள்ளைகள் ஏறட்டும், மகிழ்ச்சிதான். ஏறாத பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தோமா? பழைய சைக்கிளைக் கழற்றிப் பூட்டுகிறான். கெட்டுப் போன காற்றாடியைத் திறந்து பார்க்கிறாள். குப்பை பண்ணாதே என்று நாம் அடக்கி விடுகிறோம். அடக்கும் முன்னால் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். உங்களுக்கு அந்த வேலை தெரிந்திருந்தால் சொல்லிக் கொடுங்கள். தோட்டத்தில் புகை வீட்டிலும் ஸ்டோரிலும் இயந்திரத்தோடு காலம் தள்ளிய பெரியவர்களே, உங்கள் கைக்குத் தெரிந்ததைப் பேரப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதுவும் கல்விதான்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கையால் செய்வது மட்டும் போதாது. அர்தேஷிர் கணக்கையும் வரைபடத்தையும் ஆங்கிலத்தையும் கற்றவர். சர்க்கரைக் கட்டிக் கணக்குத் தெரியாதவன் கொதிகலன் ஏன் ஆறுகிறது என்று தெரியாமல் திகைப்பான். புத்தகத்தைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். பட்டறையில் எழுந்த கேள்வியைப் புத்தகத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நீராவிப் படகு ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறதா? திருவிழாக் கடைகளில் முன்பு தகரப் படகு ஒன்று விற்பார்கள். உள்ளே சின்ன மெழுகுவர்த்தி அல்லது எண்ணெய்த் திரி எரியும். படபட என்று சத்தம் போட்டுக்கொண்டு தொட்டித் தண்ணீரில் வட்டம் அடிக்கும். 1891இல் இங்கிலாந்தில் தாமஸ் பியோ என்பவர் காப்புரிமை கேட்ட படகு வகை அது. அதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. சிறு கொதிகலனும் பின்னால் தண்ணீருக்குள் திறந்திருக்கும் குழாயும்தான். ஆவி தண்ணீரை வெளியே தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் மறுபடி உள்ளே வரும். அந்தத் தள்ளலில்தான் படகு முன்னே போகிறது. எங்கேயாவது கிடைத்தால் ஆசிரியரோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். ஆனால் ஒன்று, வாயை அடைத்த டின்னில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்! போக வழியில்லாத ஆவி டின்னை வெடிக்க வைத்து விடும். அதனால்தான் எந்தக் கொதிகலனிலும் பாதுகாப்பு வால்வு வைக்கிறார்கள். அழுத்தம் அளவுக்கு மீறினால் அது தானே திறந்து ஆவியை வெளியே விட்டு விடும்.

இன்று மேடையில் பரிசு வாங்கும் மாணவர்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. பரிசு வாங்காத மாணவர்களுக்கும் என் வாழ்த்து. உங்களில் யாருடைய கையிலே என்ன திறமை ஒளிந்திருக்கிறது என்று மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து எந்த ஆசிரியரும் சொல்லி விட முடியாது. பெற்றோர்களே, வரும் ஆண்டில் உங்கள் பிள்ளை எதையாவது ஒன்றைத் தொடங்கி, முழுசாக முடித்து, ஓட வைத்து உங்களிடம் கொண்டு வந்து காட்டினால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கீழே வைத்து விடாதீர்கள். வாங்கிப் பாருங்கள். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள்.

வாழ்க உழைப்பு! வளர்க நம் பிள்ளைகள்!